நெற்றிப்பட்டைக்கு நான் பார்த்த நிறம்

அம்மணி,

குதிரைக்குப் பேரையும் சேணம் கடிவாளத்துக்குக் கலரையும் நீங்களே முடிவு பண்ணிப்போடுங்கப்பா என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு அன்னூருக்கு வண்டி ஏறிவிட்டாய். கல்யாண லீவு எடுப்பதற்கு முன்னால் மாட்டாஸ்பத்திரியில் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை இருக்கிறது, சரி. ஆனால் இங்கே என் பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பார். குடோனுக்குப் பின்னால் கொட்டகையில் நின்றுகொண்டு உன் குதிரை போகிற வருகிற லோடுமேன்களின் தலைத்துண்டைப் பிடித்து இழுக்கிறது. கோயமுத்தூரில் தோல் பை தைக்கிற பாய், நிறத்தைச் சொல்லாவிட்டால் பள்ளிக்கூடப் பை சீசன் வந்துவிடும், அப்புறம் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று ஆள் மேல் ஆள் அனுப்புகிறார். பதிலைப் போனில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் போனைக் கையில் எடுத்தால் எனக்கு நூல் விலையைத் தவிர வேறு எதுவும் வாயில் வராது. அது உனக்குத் தெரியும். தவிர, சொல்ல வேண்டியது இரண்டு வார்த்தை இல்லை. அந்தக் குதிரையின் நெற்றியால் உன் கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் சோறு இறங்காமல் இருந்ததை நீ பார்த்தாய். அப்போது நான் உன்னை வைததையும் கேட்டாய். அதற்குப் பிறகு நான் நினைத்ததை மட்டும் உனக்குச் சொல்லவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கார் பேச்சிலிருந்து வருகிறேன். நிச்சயம் முடிந்த மறுநாள், வெள்ளை மாருதி ஒன்று புக் பண்ணிவிடலாமா என்று உன்னைக் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டில் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காதவர்களுக்குத்தான் நாமாகப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பது நம் பக்கத்துப் பழக்கம். நீ இட்லியைப் பிட்டுக்கொண்டே, "காரு வேண்டாங்ப்பா, ஒரு குதிரை வாங்கிக் குடுங்க" என்றாய். உன் அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். "ஏனுங்க, இவ மாட்டு டாக்டருக்குத்தான படிச்சா? சர்க்கஸுக்கா படிச்சா?" என்று என்னைக் கேட்டாள், நான்தான் உன்னைச் சர்க்கஸில் சேர்த்துவிட்டது போல. நீ சிரிக்கவில்லை. ஆனைமலையில் அவர்கள் தென்னந்தோப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கார் போகாது, குதிரை போகும் என்றாய். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை குதிரையேறி நாட்டுக்கல்லைச் சுற்றி வருகிற முறைக்கு எப்படியும் வாடகைக் குதிரை பிடிக்கத்தான் போகிறார்கள், அது சொந்தக் குதிரையாகவே இருக்கட்டும் என்றாய். குதிரைக்குப் பெட்ரோல் விலை ஏறாது என்றாய். எல்லாமே வியாபாரி வீட்டுப் பெண் சொல்கிற காரணங்கள். உனக்குக் குதிரையென்றால் உயிர் என்பதை மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சரக்குப் பார்க்கப் போகிறவன் ஆசையை முகத்தில் காட்டக் கூடாது என்று நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததே கிடையாது. எங்கே கற்றுக்கொண்டாயோ. அன்றைக்குக் கடைக்குப் போகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு.

சரி, குதிரை வாங்கலாம், நல்ல இடத்தில் சொல்லி வைப்போம் என்று நான் சொல்வதற்குள் நீ ஒன்றைப் பார்த்தே வைத்திருந்தாய். காலில் புண்ணோடு உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த செவலைப் பெட்டைக் குதிரை. வைத்தியத்துக்குக் கொண்டுவந்தவர், குணமானாலும் இதை நான் திரும்ப ஓட்டிக்கொண்டு போக மாட்டேன், சந்தையில் கட்டிப் பார்த்தும் ஒருவரும் கிட்டே வரவில்லை என்று சொன்னாராம். காரணம் நெற்றி. முடி வட்டமாகச் சுற்றி முளைக்கிற சுழி, நெற்றியில் ஒன்று இருந்தால் தேவலை. இதற்கு ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு. அப்படி இருந்தால் வாங்கினவன் வீடு விளங்காது என்று குதிரை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். இதை நான் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நீயே முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாய். "சுழி சரியில்லீங்கப்பா. அதனாலதான் நம்ம கைக்கு வருது. காலு, மூச்சு, பல்லு எல்லாம் நா பாத்துட்டேன், ஒரு கொறையும் இல்லீங்." எனக்குச் சுழியில் நம்பிக்கை உண்டா என்று அன்றைக்கு நீ கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். மாடு வாங்கப் போனால் சுழி பார்ப்பேன், விற்கப் போனால் பார்க்க மாட்டேன். ஆனால் உன் மாமனார் அப்படி இல்லை. அவர் தோப்புக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கினாலும் வாலிலிருந்து நெற்றி வரைக்கும் தடவிப் பார்த்துத்தான் கயிறு மாற்றி ஓட்டிக்கொண்டு வருவார் என்பது அந்தப் பக்கமெல்லாம் தெரிந்த விஷயம். என் மூளை உடனே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

அதற்குள் கலர் பிரச்சினை வந்து சேர்ந்தது. சாயநூல் விற்கிறவனுக்குக் கலர் பார்ப்பதில் என்ன கஷ்டம் என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கலர் கார்டை விரித்து வைத்துக்கொண்டு பாயை எதிரில் உட்கார வைத்தேன். சிவப்பில் கறுப்பு ஓரம் என்றேன். "எந்தக் கட்சிங்க முதலாளி?" என்றார். நடுவில் வெள்ளை விட்டுக்கொள்ளலாம் என்றேன். "இது அடுத்த கட்சி" என்றார். இந்த நாட்டில் இரண்டு நிறத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கொடி ஆகிவிடுகிறது. ஒரே நிறமாகப் பச்சை என்றாலும் ஒரு அர்த்தம், காவி என்றாலும் ஒரு அர்த்தம். மஞ்சளும் ஊதாவும் சேர்த்துப் பார்த்தோம், அது அவிநாசி ரூட்டில் ஓடுகிற பஸ் மாதிரியே இருந்தது. "குதிரை வந்தா ஜனங்க கைய நீட்டி நிறுத்துவாங்க முதலாளி" என்று பாய் சிரித்தார். எனக்குக் கட்சி கிடையாது. எல்லாக் கட்சிக் கரை வேட்டிக்கும் கரைநூல் நம் குடோனிலிருந்துதான் போகிறது, தேர்தல் வருஷத்தில் எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். ஆனால் உன் மாமனார் கரை வேட்டி கட்டுகிறவர். போனில் ஒரு நாள், "சம்பந்தி, குதிரை மேல நம்ம கரை லேசாத் தெரிஞ்சாப் போதுமுங்க, எங்காளுங்க சந்தோசப்படுவாங்க" என்று சொல்லி வைத்திருந்தார். நம் உறவிலோ பாதிப் பேர் எதிர்க் கரை. குதிரை முகத்தைப் பார்த்ததும் பந்தியிலிருந்து எழுந்து போய்விடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வழியாக நான் கண்டுபிடித்ததுதான் அந்த மெரூன் பட்டை. மெரூனுக்குக் கட்சி இல்லை, சாமி இல்லை, பஸ்ஸும் இல்லை. செவலைக் குதிரை மேல் அடக்கமாகவும் இருக்கும். வெல்வெட்டில் தைத்து, பித்தளைக் குமிழ் வைத்து, நெற்றிப்பட்டையை மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வைக்கச் சொன்னேன். காதுக்குக் கீழே ஆரம்பித்தால் கண்ணுக்குச் சற்று மேலேதான் முடியும். பாய் அளவெடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நெத்திப்பட்டைங்களா முதலாளி, இல்ல கல்யாணப் பொண்ணுக்கு நெத்திச்சுட்டிங்களா?" என்றார். தைக்கச் சொன்னதைத் தை என்றேன். பட்டையைக் கட்டிப் பார்த்தபோது இரண்டு சுழியும் போன இடம் தெரியவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். கட்டுநூலில் நல்ல நூல் சிட்டத்தை மேலே வைத்துக் கட்டுவது நம் தொழிலில் எல்லாரும் செய்வதுதான், வாங்குகிறவனும் அடியில் கை விட்டுப் பார்த்துத்தான் வாங்குவான். அது மாதிரி என்றுதான் எடுத்துக்கொண்டேன். உனக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நீ என்ன சொல்வாய் என்று எனக்கு ஓரளவு தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

உன் மாமனார் குதிரை பார்க்க வந்த அன்றைக்கு நடந்ததில் முதல் பாதி உனக்குத் தெரியாது, நீ வருவதற்கு முன்னால் நடந்தது. அம்பாசடரில் வந்து இறங்கினார். உன் அம்மா கச்சாயமும் காபியும் கொடுத்தாள். காபி டம்ளரோடு கொட்டகைக்கு வந்து குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். காலைத் தூக்கிப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், வாலை ஒதுக்கிப் பார்த்தார். "நல்ல லட்சணமுங்க" என்றார். அப்புறம் பட்டையில் கண் நின்றது. "ஏனுங்க சம்பந்தி, இத்தாம் பெரிய பட்டை எதுக்குங்க? எங்கூட்டம்மா பட்டுச்சீலைக் கரையே இதுல பாதிதான் இருக்கும்."

"மாப்பிள்ளை ஏறற குதிரைங்க. எடுப்பா இருக்க வேண்டாங்களா?" என்றேன்.

"எடுப்புத்தானுங்க. என்ன, ஓரத்துல நம்ம கரைய ஒரு நூலு ஓட்டியிருந்தீங்கன்னா இன்னும் எடுப்பா இருந்திருக்கும்."

அதற்கென்னங்க, ஓட்டிவிடலாம் என்று நான் வாயெடுத்தபோதுதான் உன் மொபெட் சத்தம் கேட்டது. நீ வந்தாய், செருப்பைக் கழற்றிவிட்டு அவரைக் கும்பிட்டாய், நலம் விசாரித்தாய். அப்புறம் குதிரையைப் பார்த்தாய். பட்டையைப் பார்த்தாய். என்னை ஒரு தடவை பார்த்தாய். அந்த ஒரு பார்வையில் நான் செய்ததெல்லாம் உனக்குத் தெரிந்துவிட்டது. "மாமா, ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு, காதுக்குப் பின்னால் கை விட்டு வாரை அவிழ்த்துப் பட்டையை உருவிக் கையில் எடுத்துக்கொண்டாய். குதிரையின் முன்மயிரை ஒதுக்கிப் பிடித்தாய். "இதப் பாத்துக்கோங்க."

அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். தொடவில்லை. "ரெட்டைச் சுழி" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. அப்புறம் உன்னிடம், "தெரிஞ்சேதான் வாங்குனியா அம்மணி?" என்றார்.

"தெரிஞ்சுதானுங்க மாமா. எனக்கு இதுல நம்பிக்கை இல்லீங்க. உங்களுக்கு இருக்குதுன்னு சொன்னாங்க. நீங்க தெரியாம ஏத்துக்கிட்டு, நாளைக்கு உங்க தோப்புல மழை தப்பிப் போச்சு, இல்ல ஊட்டுல ஆருக்காச்சும் ஒடம்பு சரியில்லாமப் போச்சுன்னு வையுங்க. அப்ப குதிரையோட நெத்திய ஆரும் பாக்க மாட்டாங்க மாமா. என்ற நெத்தியத்தான் பாப்பாங்க."

குதிரை உன் தோளில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் உன் கையில் தொங்கிக்கொண்டிருந்த பட்டையைப் பார்த்தார், அதன் அகலத்தைப் பார்த்தார், அப்புறம் நிதானமாக என்னைப் பார்த்தார். வியாபாரத்தில் எத்தனையோ பேர் என்னை முறைத்திருக்கிறார்கள், ஏசியிருக்கிறார்கள். யாரும் அப்படிப் பார்த்ததில்லை. டம்ளரைக் கட்டையின் மேல் வைத்தார். "வாரேனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். காபி பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு நான் பேசியது உனக்கு மறந்திருக்காது. வந்த சம்பந்தத்தைக் கையாலேயே கெடுத்துப்போட்டாயே என்றேன். படித்த திமிர் என்றேன். வாயை மூடிக்கொண்டு ஒரு மாசம் இருந்திருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்றேன். நீ பட்டையைச் சுருட்டி என் மேஜை மேல் வைத்துவிட்டு, "நின்னா நிக்கட்டுங்ப்பா. இப்ப நின்னா குதிரையால நின்னுதும்பாங்க. அங்க போனதுக்கப்பறம் நா திரும்பி வந்து நின்னா என்னன்னு சொல்லுவாங்க?" என்றாய். அம்மா அழுதாள். நீ கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். கொள்ளுப்பருப்பு நல்லா இருக்குதுங்கம்மா என்று இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு டூட்டிக்குக் கிளம்பினாய். எப்படி இவளுக்குச் சோறு இறங்குகிறது என்று எனக்கு அன்றைக்குக் கோபம். நீ போன பிறகு நான் தனியாக இன்னும் கத்திக்கொண்டிருந்தேன். உன் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "பட்டை தெக்கச் சொன்னது நீங்க. அவள எதுக்கு வையறீங்க?" என்று ஒரே கேள்வி கேட்டாள். அதற்கப்புறம் நான் கத்தவில்லை.

ஆனைமலையிலிருந்து போன் வரவில்லை. ஒவ்வொரு தடவை மணியடிக்கும்போதும் நூல் கேட்டுத்தான் வந்தது. விலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனசு வேறெங்கோ போய்விடும், சொன்ன விலையையே திரும்பக் கேட்பார்கள். மண்டபத்துக்காரர் பாத்திர வாடகைக்கு ஆள் அனுப்பினார், அப்புறம் வா என்று திருப்பி அனுப்பினேன். பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்திருந்ததை நிறுத்தி வை என்று சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லாமலே விட்டுவிட்டேன். உனக்குப் போன் போட்டால் நீ குதிரை தீனி எடுக்கிறதா என்று கேட்பாய். எடுக்கிறது என்பேன். அதோடு போனை வைத்துவிடுவோம்.

கடைசியில் ஒரு நாள் உன் மாமனாரே கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், "சம்பந்தி, அந்தக் குதிரை மேல பையன ஏத்த முடியாதுங்க. எங்கூட்ல ஒத்துக்க மாட்டாங்க, நானும் ஒத்துக்க மாட்டேன். நாட்டுக்கல்லுக்கு வேற குதிரை சொல்லிப்போட்டேன்" என்றார்.

சரிங்க என்றேன். அடுத்து கல்யாணமும் வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"கண்ணாலத்துக்கு ஒன்னும் இல்லீங்க. அது பாட்டுக்கு நடக்கும். எத்தனையோ பேருகிட்ட மாடு வாங்கியிருக்கறனுங்க. கெட்டத ஒதுக்கிக் காட்டி, இதப் பாத்துக்கோங்கன்னு சொன்னவங்க ஒருத்தருமில்லீங்க. எங்கூட்டம்மா சொல்றா, அந்தப் புள்ள கிட்ட ஊட்டுச் சாவியக் குடுத்துப்போட்டு நிம்மதியாக் கோயிலுக்குப் போலாமுன்னு. குதிரையும் வரட்டுமுங்க. ஊட்டு முன்னால மட்டும் கட்ட வேண்டாம். பின்னால களத்துப் பக்கம் கட்டிக்கட்டும்."

கொஞ்சம் நிறுத்தி, "பட்டை தெச்சவரு கெட்டிக்காரருங்க" என்றார். பாயைச் சொன்னாரோ என்னைச் சொன்னாரோ, நான் விளக்கம் கேட்கவில்லை.

அப்புறம் மாப்பிள்ளை போனை வாங்கினார். குரலை இறக்கிக்கொண்டு, "மாமா, வேற குதிரையும் வேண்டாமுன்னு நீங்களே அப்பாகிட்டச் சொல்லிப்போடுங்க. எனக்குக் குதிரைன்னாலே பயமுங்க" என்றார். பக்கத்திலிருந்து, "என்னடா குசுகுசுன்னு?" என்று உன் மாமனார் கேட்டது எனக்கே கேட்டது. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உனக்குத் தெரியாமல் ஒன்றை மறைத்து வைத்து நான் பட்டது போதும். அதனால் சொல்கிறேன், நீ சிரித்துவிடாதே. போன முதல் நாளே ஏறுங்கள் என்று கையைப் பிடித்து இழுக்காதே. நீ குதிரைக்குத் தீனி வைக்கும்போது பக்கத்தில் வந்து நின்றால் போதும் என்று விட்டுவிடு. மிரளுகிற கன்றுக்குட்டியை எப்படிப் பழக்குவது என்று நான் மாட்டு டாக்டருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சம்பந்தி சொன்னதை உனக்குப் போனில் சொன்னபோது, பின்னால் கட்டு என்றதற்கு நீ வருத்தப்படுவாய் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். நீ, "பின்னாலதானுங்ப்பா நெழலு இருக்குது. அங்கயே கட்டிக்கறேன்" என்றாய். ஒன்று சொல்கிறேன் அம்மணி. சைக்கிளில் நூல் கட்டிக்கொண்டு கருமத்தம்பட்டியில் தறி தறியாகப் போய் நின்ற காலத்திலிருந்து நான் ஒன்றைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன், எதிராளி மனசில் இருப்பதைப் படித்துப் பேசத் தெரிந்தவன் நான் என்று. நீ அவர் மனசைப் படித்தாய், அவர் நம்பிக்கையைக் கேலி பண்ணவில்லை, உன் நம்பிக்கையையும் விட்டுக் கொடுக்கவில்லை, வேண்டியதை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு வாதாடாமல் விட்டாய். இத்தனை வருஷத்தில் நான் முடித்த எந்த வியாபாரத்தையும் அந்த அளவுக்குச் சுத்தமாக முடித்ததில்லை. இதனால் நாளையிலிருந்து நான் கெட்ட சிட்டத்தை மேலே வைத்துக் கட்டப் போகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அது கடை. ஆனால் நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பொண்ணுதானே, இவ்வளவு எதற்குப் படிக்க வைக்கிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்போது நான் பதில் சொன்னதில்லை, சிரித்து மழுப்பிவிடுவேன். இப்போது யாராவது கேட்க மாட்டார்களா என்றிருக்கிறது.

இனி கலர். மெரூன் பட்டை போய்விட்டது, உன் அம்மா அதில் பித்தளைக் குமிழைப் பிடுங்கிக்கொண்டு வெல்வெட்டைத் தையல் மிஷினுக்கு உறையாகப் போட்டிருக்கிறாள். நான் யோசித்து வைத்திருப்பது மயில்கழுத்து. நீளவாட்டில் ஓடுகிற பாவில் நீலம், குறுக்கே ஓடுகிற ஊடையில் பச்சை. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் நீலம், அந்தப் பக்கம் போனால் பச்சை, எந்தக் கட்சிக்காரனும் தன்னுடையது என்று கை வைக்க முடியாது. நம் ஊரிலேயே நாடா நெய்கிறவரிடம் சொல்லி வயிற்றுவாரும் கடிவாள வாரும் பருத்தியிலேயே கெட்டியாக நெய்ய ஏற்பாடு பண்ணிவிட்டேன். தோல் வார் வயிற்றில் புண்ணாக்கும் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. குதிரைக்கு வியர்த்தால் சாயம் இறங்கி வயிறெல்லாம் பச்சையாகிவிடக் கூடாதே என்று, நூலை உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டு வெள்ளை வேட்டியில் தேய்த்துப் பார்த்தேன். சொட்டு இறங்கவில்லை. வேட்டி என்னுடையதுதான். சேணம் மட்டும் தோல், பூச்சு இல்லாமல் அதன் நிறத்திலேயே இருக்கட்டும். நெற்றிப்பட்டை ஒரு விரல் அகலம், சுழிக்கு மேலேயே நின்றுவிடும். "இப்படித் தெச்சா ரெண்டு சுழியும் நல்லாத் தெரியுமே முதலாளி" என்றார் பாய். தெரியட்டும் என்றேன்.

பேருக்குத்தான் இந்த வீடு ரெண்டுபட்டது. அம்மா சாமி பேர் வைக்கலாம் என்று ஆரம்பித்து அவளே நிறுத்திக்கொண்டாள். சாமி பேர் வைத்துவிட்டு, துண்டை இழுத்தால் "சனியனே" என்று எப்படி வைவது? குடோன் மேஸ்திரி 'ராஜா' என்றார். பெட்டைக் குதிரை என்று ஞாபகப்படுத்தினேன். 'முத்து' என்றேன். உன் மாமனார் முத்துச்சாமி. 'லட்சுமி' உன் மாமியார். 'மணி' மாப்பிள்ளையின் அண்ணன். 'செல்வி' நாத்தனார். எந்தப் பேரை எடுத்தாலும் அந்த வீட்டில் ஒருவர் அதற்கு ஏற்கெனவே திரும்பிப் பார்க்கிறார். மாப்பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் உங்கள் இருவர் பாடு. ஆனால் மாமனார் பேரையும் மாமியார் பேரையும் தோப்பில் நின்று நீ கூவ முடியாது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த வீட்டில் நீ வாயால் சொல்லக் கூடாத பேர்களை எண்ணிக்கொண்டு போகிறோமே, சத்தமாகச் சொல்லக்கூடிய பேர் ஏதாவது இருக்கிறதா என்று.

நேற்றுக் காலையில் மொட்டை மாடி ஏறினேன். மனசில் இருந்த பேர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். சில பேர் வாயை விட்டு வெளியே போகவே மாட்டேன் என்கிறது. சில பேர் பாதி வழியில் விழுந்துவிடுகிறது. ஒரு பேர் மட்டும் நீட்டி விட்டதும் தறிச்சத்தத்தையெல்லாம் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. சிறுவாணி. எதிர்வீட்டு அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "ஏனுங், சிறுவாணித் தண்ணி நம்மூருக்கும் உட்டுட்டாங்களாங்?" என்றாள். இல்லீங், குதிரைங் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குடத்தோடு உள்ளே போய்விட்டாள். கீழே குதிரை காதை நிமிர்த்தியது. என் சத்தத்துக்கு லோடுமேன்களும்தான் நிமிர்ந்து பார்த்தார்கள், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் யோசித்துப் பார். அவர்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பேர் இல்லை. எந்தக் கொடியிலும் இல்லை. தண்ணீருக்குக் கெட்ட பேர் வைக்கிறவன் எவனும் இல்லை.

அங்கே போனால் கொஞ்ச நாளைக்கு நீ மெதுவாகத்தான் பேசுவாய். மாமனார் இருந்தால் ஒரு குரல், ஒறம்பரை என்று விருந்தாளி வந்தால் ஒரு குரல். உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளுடைய உண்மையான குரல் எது என்றே எனக்குத் தெரியாது. அவள் முதன்முதலாகச் சத்தம் போட்டுப் பேசியபோது பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். உன் விஷயத்தில் அவ்வளவு நாள் ஆக வேண்டாம். பின்னால் களத்துப் பக்கம், யாருக்கும் மரியாதைக் குறைச்சல் வராமல், முழுத் தொண்டையையும் திறந்து நீ கூப்பிட ஒரு பேர் இருக்கட்டும். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் பொழுதோடு ஒரு தடவை கூப்பிடு. முன்வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும், நம் மருமகள் குரல் இதுதான் என்று.

உன் அப்பா